‘மியூட்டினி’: கலகமா, புரட்சியா, எழுச்சியா?

கேள்வி: பிரிட்டிஷ் ராணுவ வரலாறு பற்றிய ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘மியூட்டினி’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. எல்லா இடத்திலும் ‘புரட்சி’ என்று போட்டேன். மெய்ப்புத் திருத்துபவர் எல்லாமே ‘கலகம்’தான் என்கிறார். பதிப்பாளரோ, ஏதாவது ஒன்றை முடிவு செய்து கணினியில் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள் என்கிறார். நான் வேலூர்க்காரி. 1806ஐக் கலகம் என்று எழுதக் கை வரவில்லை. இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? ‘ரெபெல்லியன்’, ‘ரிவோல்ட்’ எல்லாம் இதே பொருள்தானா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்:

முதலில் அந்தக் கணினி வேலையை நிறுத்தி வையுங்கள். ‘புரட்சி’யைத் தேடி ‘கலகம்’ என்று ஒரே சொடுக்கில் மாற்றினால் ‘புரட்சியை’ என்பது ‘கலகம்யை’ ஆகும். ‘புரட்சிக்கு’ என்பது ‘கலகம்க்கு’ ஆகும். ‘வேலூர்ப் புரட்சி’ என்பது ‘வேலூர்ப் கலகம்’ என்று வந்து நிற்கும். இவையாவது மெய்ப்பில் கண்ணில் படும். கண்ணில் படாத பிழைதான் நூலைக் கெடுக்கும். 1590களின் நாடகத்தில் வரும் மியூட்டினி ஒன்று, 1689ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் உள்ள மியூட்டினி வேறொன்று, 1857க்குப் பிறகு முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டு எழுதப்பட்ட மியூட்டினி இன்னொன்று. உங்கள் மெய்ப்புத் திருத்துபவர் சொல்வது பாதிக்கு மேல் சரி. உங்கள் தயக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. இருவர் சொல்வதும் எந்தெந்தப் பக்கத்தில் சரி என்று பிரிப்பதுதான் வேலை.

சொல்லின் வேர் லத்தீனில் ‘அசைத்தல்’ என்று பொருள்படும் ‘மொவேரே’. ‘மூவ்’, ‘மோட்டார்’, ‘எமோஷன்’ எல்லாம் அதிலிருந்து வந்தவை. கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ கூட அதே குடும்பம். லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், அடங்க மறுப்பதைக் குறிக்கும் சொல்லாகி, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் வந்தது ‘மியூட்டின்’ என்ற வினைச்சொல். ‘மியூட்டினி’ என்ற பெயர்ச்சொல் 1560களில் தலைகாட்டுகிறது. வேரை வைத்துப் பார்த்தால் இதற்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் ‘கிளர்ச்சி’. கிளர்தல் என்பதும் அசைந்து எழுவதுதான். ஆனால் இன்றைய தமிழில் கிளர்ச்சி என்பது சாலை மறியலிலிருந்து ஆயுதப் போராட்டம் வரை எதையும் குறிக்கும். படைமுகாமின் வாடை அதில் இல்லை. அகராதியில் வேரைப் பார்த்துவிட்டு அதற்கு இணையான தமிழ் வேரைத் தேடிப் போகிறவர்கள் வழக்கமாக விழும் பள்ளம் இது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்தச் சொல்லுக்குப் படையோடு கட்டாய உறவு கிடையாது. ரோமியோ ஜூலியட் நாடகத்தின் தொடக்கப் பாடலில் இரண்டு குடும்பங்களின் பழம்பகை மீண்டும் வெடிப்பதைச் சொல்ல இந்தச் சொல்தான் வருகிறது. ஜூலியஸ் சீசரில் ஆன்டனி தூண்டிவிடுவது ரோம் நகரத்துப் பொதுமக்களை. அங்கும் இதே சொல். உங்கள் நூலில் 1600ஐ ஒட்டிய மேற்கோள் எதுவும் இருந்தால் அங்கே ‘படைக்கலகம்’ என்று போடாதீர்கள். பூசல், சச்சரவு, வெறும் ‘கலகம்’ எதுவும் பொருந்தும். நம் ‘கலகம்’ என்ற சொல்லின் பழைய பொருளும் சண்டை என்பதுதானே. நாரதர் கலகத்தில் சிப்பாய் யாரும் இல்லை. ‘கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும்’ என்பவர் பீரங்கியை நினைத்துச் சொல்வதில்லை.

சொல்லை இறுக்கியது சட்டம். 1689 வசந்தத்தில், மூன்றாம் வில்லியம் அரியணை ஏறிய சில வாரங்களில், கடல் கடந்து ஹாலந்துக்குப் போகும்படி உத்தரவிடப்பட்ட ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்று இப்ஸ்விச்சில் மறுத்தது. பழைய மன்னர் ஜேம்ஸே எங்கள் அரசர் என்றது. சமாதான காலத்தில் சிப்பாயை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்க அப்போது இங்கிலாந்தில் சட்ட இடம் இல்லை. 1628இன் உரிமை மனு அதை அடைத்திருந்தது. அதனால் நாடாளுமன்றம் அவசரமாக ‘மியூட்டினி ஆக்ட்’ கொண்டுவந்தது. மியூட்டினி, செடிஷன் (எதிர்ப்புக்குத் தூண்டுதல்), படையைவிட்டு ஓடுதல் ஆகியவற்றுக்கு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை வரை கொடுக்கலாம். ஆனால் சில மாதங்களுக்கு மட்டுமே அதிகாரம். அரசரின் கையில் நிரந்தரப் படை இருக்கவேண்டுமானால் அவர் நாடாளுமன்றத்திடம் திரும்பத் திரும்ப வந்து கேட்கவேண்டும் என்ற கணக்கு. ஓரிரு இடைவெளி தவிர ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட இந்தச் சட்டம் 1879 வரை நீடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கென்றே தனியாக ஒரு மியூட்டினி சட்டம் 1754இல் வந்தது.

‘மியூட்டினி ஆக்ட்’ என்பதைப் பலர் ‘கலகத் தடுப்புச் சட்டம்’ என்கிறார்கள். உங்கள் முதல் வரைவில் அது ‘புரட்சிச் சட்டம்’ என்று ஆகியிருக்கும். அதைவிட இது மேல். ஆனாலும் உள்ளடக்கம் வேறு. சிப்பாய்களை எங்கே தங்கவைப்பது, அதற்கு யார் கொடுப்பது என்பதெல்லாம் அதற்குள் வந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களைக் கொதிக்கவைத்த 1765ஆம் ஆண்டின் சிப்பாய்த் தங்கல் சட்டம் முறைப்படி பார்த்தால் மியூட்டினி சட்டத்தின் திருத்தம்தான். அதில் படுக்கை, மெழுகுவர்த்தி, வினிகர், உப்பு, பீர் வரை பட்டியல் உண்டு. வினிகருக்கும் கலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் விழிக்கக்கூடாது. முதல் இடத்தில் ‘மியூட்டினி சட்டம் எனப்பட்ட ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ராணுவ ஒழுங்குச் சட்டம்’ என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு ‘மியூட்டினி சட்டம்’ என்றே விடுங்கள். சட்டப் பெயர் ஒரு பெயர்ச்சீட்டு. அதைத் தமிழாக்குவதைவிட விளக்குவது நல்லது.

1689க்குப் பிறகு சொல்லின் நடுப்பொருள் நிலைபெற்றுவிட்டது. எத்தனை பேர் எழுந்தார்கள் என்பது கணக்கில்லை. இரண்டு மாலுமிகள் சேர்ந்து கட்டளையை எதிர்த்தாலும் மியூட்டினி ஆகலாம். இரண்டு லட்சம் விவசாயிகள் கோட்டையைப் பிடித்தாலும் ஆகாது. எழுந்தவர் முன்பே கீழ்ப்படிவதாக உறுதி கொடுத்துப் படையிலோ கப்பலிலோ சேர்ந்தவரா என்பது ஒன்றுதான் கேள்வி. இன்றைய சட்டங்களிலும் இதே எலும்புக்கூடு. இந்தியக் கடற்படைச் சட்டம், 1957இன் 42ஆவது பிரிவு மியூட்டினியை வரையறுக்கும்போது ‘இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர்’ சேர்வதையே அடிப்படையாக வைக்கிறது. ராணுவச் சட்டம், 1950இன் 37ஆவது பிரிவில் கலகம் செய்தவர் மட்டுமல்ல, அங்கே இருந்தும் அடக்க முயலாதவரும், தெரிந்தும் உடனே தகவல் சொல்லாதவரும் மரண தண்டனை வரை போகலாம். வெளியே இருந்து தூண்டும் குடிமக்களுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 131, 132 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 159, 160. பிரிட்டனில் இந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை 1998இல்தான் நீங்கியது.

இந்தக் கீழ்ப்படிதல் என்ற புள்ளியைக் கப்பல்களில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். 1768இல் லண்டன் துறைமுகத்தில் வணிகக் கப்பல் மாலுமிகள் கூலி கேட்டுப் பாய்களை இறக்கி வேலையை நிறுத்தினார்கள். பாயை இறக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரைக்’. வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பெயர் வந்தது அங்கிருந்துதான். 1797 ஏப்ரலில் ஸ்பிட்ஹெட்டில் அரச கடற்படை மாலுமிகள் செய்ததும் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொரு கப்பலிலிருந்தும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, நூறாண்டுக்கும் மேலாக உயராத சம்பளத்தை உயர்த்தச் சொன்னார்கள். கப்பலில் ஒரு பவுண்டு என்று அளந்து தரும் உணவு 16 அவுன்சுக்குப் பதில் 14 அவுன்சே இருப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பிரெஞ்சுக் கப்பற்படை வந்தால் பாய் விரித்துப் போருக்குப் போவோம் என்றும் சொன்னார்கள். சம்பளம் உயர்ந்தது, அரச மன்னிப்பும் கிடைத்தது. ஆனாலும் வரலாற்றில் அதன் பெயர் மியூட்டினி. அடுத்த மாதம் தேம்ஸ் முகத்துவாரத்தில் நோர் என்ற இடத்தில் தொடங்கியது கடுமையாகப் போய், லண்டனுக்கு வரும் கப்பல்களை மறிக்கும் அளவுக்கு வளர்ந்து, தலைவர் ரிச்சர்ட் பார்க்கர் ஜூன் 30 அன்று தூக்கிலிடப்பட்டார். இரண்டையும் ‘மாலுமிக் கலகம்’ என்றே எழுதுங்கள். ஸ்பிட்ஹெட் நடந்துகொண்ட விதம் வேலைநிறுத்தம் போன்றது என்பதை விவரணையில் காட்டலாம்; பெயரில் திணிக்கவேண்டாம். பவுண்டி கப்பலில் 1789 ஏப்ரல் 28 அன்று பிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கேப்டன் பிளையைப் படகில் இறக்கிவிட்டதையும் அப்படியே. ‘பவுண்டி புரட்சி’ என்று உங்கள் வரைவில் இருந்தால் உடனே அடியுங்கள். ஒரு கப்பலின் கேப்டனை இறக்கிவிடுவதால் எந்த ஆட்சியும் புரளவில்லை.

நேர்மாறான பிழையும் உண்டு. 1839இல் ‘அமிஸ்தாத்’ கப்பலில் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கப்பலைக் கைப்பற்றினார்கள். ஆங்கில நூல்கள் நெடுங்காலம் அதையும் மியூட்டினி என்றே எழுதின. அவர்கள் மாலுமிகள் அல்லர், கேப்டனுக்குக் கீழ்ப்படியும் கடமை எதுவும் அவர்களுக்கு இல்லை. 1841 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் சட்டவிரோதமாகக் கடத்தப்பட்ட சுதந்திர மனிதர்கள் என்று தீர்ப்பளித்தது. இங்கே ‘கலகம்’ என்று எழுதினால் அவர்கள் யாருக்கோ கட்டுப்பட்டவர்கள் என்பதை நீங்களும் ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘எழுச்சி’ என்று எழுதுங்கள்.

பெயர் எவ்வளவு கனமானது என்பதற்கு இன்னொரு வழக்கு. 1944 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோ துறையில் வெடிமருந்து ஏற்றும்போது நடந்த வெடிப்பில் 320 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பின மாலுமிகள். சில வாரங்களில் மீண்டும் அதே வேலைக்கு அனுப்பியபோது 258 பேர் மறுத்தார்கள். மறுப்பு ஒன்றுதான், ஆனால் 208 பேர் மீது கட்டளை மீறல், 50 பேர் மீது மியூட்டினி. அந்த 50 பேருக்கு 8 முதல் 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை. அமெரிக்கக் கடற்படை எல்லோரையும் குற்றத்திலிருந்து விடுவித்தது 2024 ஜூலை 17 அன்று. இப்படி ‘கட்டளை மீறல்’, ‘மியூட்டினி’ இரண்டும் அருகருகே வரும் இடத்தில் ஒன்றுக்கு ‘கீழ்ப்படியாமை’ என்றும் மற்றதற்குப் ‘படைக்கலகம்’ என்றும் வேறுபடுத்தியே ஆகவேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் வழக்கே புரியாது.

உங்கள் இன்னொரு கேள்வி, மற்ற சொற்கள். ‘ரெபெல்’ என்பதில் உள்ளது லத்தீனில் போருக்கான சொல். தோற்று அடங்கியவன் மீண்டும் போருக்கு எழுவது. எனவே ஒருவரை ரெபெல் என்றாலே அவர் முன்பு நமக்கு அடங்கியிருந்தார் என்று உரிமை கோருவதாக ஆகிறது. கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் கம்பெனி அப்படித்தான் எழுதியது. 1792இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையால் பாளையங்களின் கப்பத்தை வசூலிக்கும் உரிமை தனக்கு வந்துவிட்டது என்பது கம்பெனியின் வாதம். பாளையக்காரர்கள் ஏற்காத வாதம். அவர்கள் எவரும் கம்பெனியின் சிப்பாய்கள் அல்லர் என்பதால் மியூட்டினி என்ற சொல் அவர்களுக்கு ஒருபோதும் பொருந்தாது. எல்லைக்கோட்டில் நிற்பவர் மருதநாயகம் என்ற யூசுப் கான்: கம்பெனிச் சிப்பாய்களின் கமாண்டன்டாக இருந்து, மதுரையின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்து, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டவர். ஆங்கில நூல்கள் அவரையும் ரெபெல் என்றே எழுதுகின்றன. அவர் எதிர்த்து நின்றது ஒரு பிரதேசத்தை ஆண்டவராக, அணிவகுப்பில் நின்ற சிப்பாயாக அல்ல. ரெபெல்லியனுக்கு ‘கிளர்ச்சி’ போதும். ‘இன்சரெக்‌ஷன்’, ‘அப்ரைசிங்’ இரண்டிலும் எழுதல் என்பதே உள்ளடங்கியிருப்பதால் ‘எழுச்சி’. ஆயுதம் உண்டென்றால் ‘ஆயுத எழுச்சி’. ‘ரிவோல்ட்’ இவற்றுக்கு நடுவே மிதக்கும் சொல். சூழலைப் பார்த்துக் கிளர்ச்சியோ எழுச்சியோ போடலாம். ‘ரிவல்யூஷன்’ ஒன்றுக்கு மட்டும் ‘புரட்சி’யை ஒதுக்கி வையுங்கள். ‘செடிஷன்’ சொல்லாலும் எழுத்தாலும் அரசுக்கு எதிராகத் தூண்டுவது. 1908இல் வ.உ.சி.க்குத் தண்டனை அளித்த 124ஏ பிரிவு அதுதான். அன்றைய தமிழில் ராஜத்துரோகம். இன்றைய செய்திகளில் அதைத் தேசத்துரோகம் என்று எழுதும் பழக்கம் பெரிய தவறு.

இனி வேலூர். 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டையில் எழுந்தவர்கள் மதராஸ் படையின் சம்பளச் சிப்பாய்கள். தோல் பட்டை வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்ற விதி, மே மாதம் எதிர்த்தவர்களுக்குச் சவுக்கடி ஆகியவை காரணங்கள். எனவே சட்ட மொழியில் அது துல்லியமான மியூட்டினி. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கோட்டையில் மைசூரின் புலிக்கொடியை ஏற்றித் திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரை அரசர் என்று அறிவித்த கணத்தில் அது தலைப்பாகைப் பிரச்சினையைத் தாண்டிவிட்டது. அரை நாளுக்குள் ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அடக்கியது. கவர்னர் பென்டிங்க்கையும் தளபதி கிராடக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. விதிமீறல் என்று மட்டும் பார்த்திருந்தால் ஒரு கவர்னர் வீட்டுக்குப் போயிருக்கமாட்டார்.

ஆகவே கம்பெனியின் கடிதங்கள், விசாரணை அறிக்கைகள், அதிகாரிகளின் பேச்சு இவற்றில் ‘கலகம்’ என்றே வரட்டும். அவர்கள் வாயில் ‘புரட்சி’யையோ ‘எழுச்சி’யையோ வைத்தால் 1806இன் அதிகாரி 1947க்குப் பிறகு பிறந்த குரலில் பேசுவார். நூலாசிரியர் தன் குரலில் விவரிக்கும் இடங்களில் ‘வேலூர்ச் சிப்பாய் எழுச்சி’ என்பது என் தேர்வு. ‘சிப்பாய்’ என்ற சொல்லை விடாதீர்கள்; அது போனால் கோட்டைக்கு வெளியே ஊரும் சேர்ந்து எழுந்ததுபோல் ஆகிவிடும். ‘வேலூர்ப் புரட்சி’ தமிழ்நாட்டில் பரவலாக வழங்குகிற பெயர். அதைத் தவறென்று அடிக்கவேண்டியதில்லை. முதல் அடிக்குறிப்பில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். ஆனால் ‘புரட்சி’ நம் ஊரில் பட்டப் பெயர்களில் ஏறி இறங்கிக் கொஞ்சம் தேய்ந்துபோன சொல் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். மறுபக்கம் ‘கலகம்’ நீங்கள் அஞ்சும் அளவுக்கு இழிசொல்லாக இன்று இல்லை. சாதியை, சடங்கை எதிர்த்தவர்களைக் ‘கலகக்காரர்’ என்று பாராட்டும் வழக்கு தமிழில் வேரூன்றிவிட்டது.

1857 இன்னும் சிக்கல். அங்கே நிகழ்வே ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆவது இலகு குதிரைப்படையின் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள்: கட்டளை மறுப்பு. மே 9 அன்று அணிவகுப்பில் அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மறுநாள் சகாக்கள் சிறையை உடைத்து, அதிகாரிகளைச் சுட்டு, டெல்லிக்குக் கிளம்பினார்கள்: படைக்கலகம். மே 11 முதல் முகலாய அரசர் பகதூர் ஷாவின் பெயரால் ஆட்சி என்றும், பிறகு அவத்தின் தாலுக்தார்கள் என்ற நிலக்கிழார்கள், கிராமத்தார் என்றும் சிப்பாய் அல்லாதவர்கள் சேர்ந்தபோது மியூட்டினி என்ற சட்டை கிழிந்துவிட்டது. ஜூலை 27 அன்று லண்டன் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த டிஸ்ரேலி கேட்ட கேள்வியே இதுதான்: இது படைக்கலகமா, தேசிய எழுச்சியா? அரசுக்குக் ‘கலகம்’ என்பதே வசதி. ஒழுங்கு தவறிய சிப்பாய்களைத் தண்டித்தால் விஷயம் முடிந்துவிடும், ஆட்சியைப் பற்றிய கேள்வி எழாது.

1858 ஜனவரியிலிருந்து மார்ச் வரை செங்கோட்டையில் பகதூர் ஷா மீது நடந்த விசாரணையின் குற்றச்சாட்டுகளை மொழிபெயர்க்க நேர்ந்தால் மிகுந்த கவனம் வேண்டும். சிப்பாய்களின் ‘மியூட்டினி’க்கும் ‘ரெபெல்லியன்’னுக்கும் துணை நின்றார் என்பது ஒரு குற்றச்சாட்டு, பிரிட்டிஷ் அரசின் குடிமகனாக இருந்துகொண்டே தன்னை அரசர் என்று அறிவித்தார் என்பது இன்னொன்று. முகலாய அரசரைக் கம்பெனியின் பென்ஷன்காரர், குடிமகன் என்று முதலில் நிறுவினால்தான் துரோகம் என்ற சொல் ஒட்டும். மியூட்டினி, ரெபெல்லியன் இரண்டையும் ‘கலகம்’ என்று போட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் தமிழில் மறைந்துபோகும்.

இதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஒரு வினோதம் நடந்தது. முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டு ‘த மியூட்டினி’ என்றாலே 1857 என்று ஆகிவிட்டது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ஆகவே ‘மியூட்டினிக்கு முன்’ என்பதை ‘கலகத்துக்கு முன்’ என்று எழுதினால் எந்தக் கலகம் என்று வாசகருக்குத் தெரியாது. ‘1857க்கு முன்’ என்று எழுதுங்கள். மூலத்தில் ஆண்டு இல்லாவிட்டாலும் போடுங்கள். இது சேர்ப்பு ஆகாது, பெரிய எழுத்து சொன்னதை எண் சொல்கிறது. 1858இல் அறிவிக்கப்பட்ட பதக்கத்தின் பெயர் போன்றவை மட்டும் ‘இந்தியக் கலகப் பதக்கம்’ என்றே நிற்கட்டும். பழைய பெயரை மாற்றாமல் பக்கத்தில் எதிர்க்குரலை வைப்பதற்கு டெல்லியிலேயே முன்மாதிரி உண்டு. அங்கே 1863இல் எழுப்பிய மியூட்டினி நினைவுத்தூணுக்கு 1972இல் அஜித்கர் என்று பெயர் மாறியது. பழைய கல்வெட்டுகளைச் செதுக்கி எடுக்கவில்லை. அவற்றில் ‘எதிரி’ எனப்படுவோர் அந்நிய ஆட்சிக்கு எதிராக எழுந்து வீரத்துடன் போரிட்டவர்கள் என்று ஒரு பலகையைச் சேர்த்தார்கள். அடிக்குறிப்பு செய்யவேண்டிய வேலை அதுதான்.

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் ‘தல்வார்’ கடற்படைத் தளத்தில் மோசமான உணவையும் அதிகாரிகளின் வசைகளையும் எதிர்த்து மாலுமிகள் எழுந்தது உங்கள் நூலில் கட்டாயம் வரும். அரசு அதை மியூட்டினி என்றது. மாலுமிகள் அமைத்த குழுவின் பெயரிலேயே ‘ஸ்ட்ரைக்’ இருந்தது: கடற்படை மத்திய வேலைநிறுத்தக் குழு. சுதந்திர இந்தியாவில் ‘எழுச்சி’ என்ற பெயர் நிலைத்தது. மூன்றையும் அவரவர் வாயில் வைத்து, கதையில் ‘கடற்படை எழுச்சி’ என்று எழுதலாம். குழுவின் பெயரை மட்டும் ‘கலகக் குழு’ என்று தவறியும் மாற்றிவிடாதீர்கள். அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்த பெயர் அது.

வேலையைத் தொடங்கும் முறை இது. மூல நூலில் மியூட்டினியும் அதன் பெயரடை, ஆட்பெயர் வடிவங்களும் வரும் இடங்களைத் தேடி ஒரு அட்டவணை போடுங்கள். பக்கம், நிகழ்வின் ஆண்டு, அந்த வாக்கியம் யாருடைய குரல், எழுந்தவர் படையில் சேர்ந்தவரா, முதலெழுத்து பெரிதா என்று ஐந்து கட்டங்கள் போதும். இவற்றில் குரல் என்ற கட்டத்தில்தான் அதிகம் தடுமாறுவீர்கள். ஆசிரியர் மேற்கோள் குறியில்லாமலே அதிகாரியின் பார்வையில் எழுதிக்கொண்டு போவார். வாக்கியத்தில் ‘விசுவாசமான’, ‘கெட்டுப்போன’ போன்ற அடைமொழிகள் வந்தால் அது அதிகாரியின் குரல் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு 1700க்கு முந்தையது என்றால் கற்போர் அகராதியை மூடிவிட்டு, பொருள்களைக் காலவரிசையில் அடுக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதியைப் பாருங்கள்.

உருவகமாக வரும் இடங்களில் மேலே சொன்ன எதுவும் செல்லாது. கட்சித் தலைமைக்கு எதிராக உறுப்பினர்கள் கிளம்பினால் ‘போர்க்கொடி தூக்கினர்’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவதைவிட நல்ல தமிழ் கிடைக்காது. ‘ரெபெல் எம்.எல்.ஏ.’ என்பவர் அதிருப்தி எம்.எல்.ஏ.; ‘ரெபெல்’ வேட்பாளர் போட்டி வேட்பாளர். குழந்தையின் முகத்தில் ‘மியூட்டினஸ்’ பார்வை என்று வந்தால் ‘முரண்டு பிடிக்கும் பார்வை’. அங்கே கலகத்தைக் கொண்டுவந்தால் சிரிப்புத்தான் வரும்.

‘மியூட்டினியர்’ என்ற ஆட்பெயருக்கும் கவனம் வேண்டும். அதிகாரியின் குரலில் ‘கலகக்காரர்’, கதைசொல்லியின் குரலில் ‘எழுந்த சிப்பாய்கள்’ அல்லது ‘எழுந்த மாலுமிகள்’. 1857இல் இறந்த ஒரு கிராமத்தவரை மூலநூலே மியூட்டினியர் என்று சொன்னாலும் தமிழில் ‘கிளர்ச்சியாளர்’ என்று திருத்தி, அடிக்குறிப்பில் மூலச் சொல்லைக் குறிப்பிடுங்கள்.

நூலின் இறுதியில் வரும் பொருளகராதியை (‘இண்டெக்ஸ்’) கடைசியில் கையால் செய்யுங்கள். ஆங்கிலத்தில் ‘மியூட்டினி’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இருந்தவை தமிழில் கலகம், எழுச்சி, சட்டங்கள் என்று பிரிந்துவிடும். ஒவ்வொன்றின் கீழும் ‘மேலும் காண்க’ போட்டு மற்றவற்றுக்கு வழிகாட்டுங்கள். வேலூருக்கு மட்டும் ‘வேலூர், 1806’ என்று ஊரையும் ஆண்டையும் தலைப்பாக வைத்து, கலகம் என்று தேடுகிறவரையும் புரட்சி என்று தேடுகிறவரையும் அங்கே அனுப்பிவிடலாம்.